டொல்பி சுவிட்ச் பிறந்த கதை

1980களில் சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் இலங்கையின் கெலிஓயாவுக்கு வந்திறங்கிய ரேடியோ கேசட் செட்டுகளில், விலை கூடியவற்றுக்கு ஓர் அடையாளம் இருந்தது. கேசட் மூடிக்குப் பக்கத்தில் எதிரெதிரே பார்த்து நிற்கும் இரண்டு ‘டி’ எழுத்துகள். அதையொட்டி ஒரு சின்னச் சுவிட்ச். அதை ஒரு பக்கம் தள்ளினால் பாட்டு கொஞ்சம் மங்கும், மறுபக்கம் தள்ளினால் பளிச்சென்று கேட்கும். பளிச்சென்று கேட்பதுதானே நல்லது என்று பல வீடுகளில் அந்தச் சுவிட்சைத் தொடாமலே வைத்திருந்தார்கள். பிறகு சட்டைப் பையில் போகும் வாக்மன் வந்தபோதும் இதே கதைதான். அந்தச் சுவிட்ச் எதற்கு என்று சொல்லித்தர ஆள் இருக்கவில்லை. சொல்லித்தந்திருந்தால், இன்று அலுமாரிகளில் கிடக்கும் எத்தனையோ கேசட்டுகளில் இருக்கும் குரல்கள் இன்னும் தெளிவாக நமக்குக் கிடைத்திருக்கும்.

அந்தச் சுவிட்ச் டொல்பி சுவிட்ச். அதன் வேலை, பாட்டுக்குப் பின்னால் ஓயாமல் கேட்கும் ‘உஸ்’ஸென்ற இரைச்சலை அடக்குவது. அதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கர். கம்பெனி தொடங்கியது லண்டனில். ஆனால் யோசனை தெளிந்த இடம் நமக்குப் பக்கத்தில், இந்தியாவில்.

முதலில் அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். டேப்பின் பழுப்பு நிறப் பூச்சில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய காந்தத் துகள்கள். ஒலிப்பதிவு என்பது அந்தத் துகள்களைப் பாட்டுக்குத் தக்கபடி திசை திருப்பி வைப்பது. எல்லாத் துகள்களும் சொன்னபடி திரும்புவதில்லை. தாறுமாறாகக் கிடப்பவையும், டேப்பைப் படிக்கும் ஹெட்டைக் கடந்து போகின்றன. அந்தத் தாறுமாறுதான் நம் காதில் ‘உஸ்’. டேப் அகலமாக இருந்து வேகமாகவும் ஓடினால், ஒவ்வொரு கணத்துக்கும் ஏராளமான துகள்கள் கிடைக்கும். பாட்டு ஓங்கி, இரைச்சல் பின்தங்கிவிடும். ஸ்டூடியோக்களில் டேப் செக்கனுக்கு 38 சென்டிமீற்றர் ஓடியது. கேசட்டில் ஓடுவதோ 4.76 சென்டிமீற்றர், எட்டில் ஒரு பங்கு. கேசட் டேப்பின் மொத்த அகலமே 4 மில்லிமீற்றரை எட்டாது. அதற்குள் இரண்டு பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் இடது, வலது என்று இரண்டு தடங்கள். ஒரு தடத்துக்கு மிஞ்சுவது அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல். இரைச்சல் வராமல் என்ன செய்யும்?

கேசட்டை உருவாக்கியவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பிலிப்ஸ் நிறுவனத்தின் லூ ஒட்டென்ஸ் பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரத் தொழிற்சாலையில் தம் குழுவோடு அதை வடிவமைத்தபோது, அவர் மனதில் இருந்தது பேச்சைப் பதிவு செய்யும் ஒரு சின்னக் கருவி. தம் கோட்டுப் பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டிவைத்து, கருவி இதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்று தீர்மானித்தார். (அந்த மரக்கட்டை பிறகு ஒரு கார் சில்லு மாற்றும்போது ஜாக்குக்கு அடியில் போய் அழிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். நூதனசாலையில் இருந்திருக்க வேண்டிய பொருள்.) 1963 ஓகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட் உலகுக்குக் காட்டப்பட்டது. பைக்குள் போக வேண்டும் என்றால் டேப் ஒடுங்க வேண்டும். சிறிய டேப்பில் நிறைய நேரம் கொள்ள வேண்டும் என்றால் மெதுவாக ஓட வேண்டும். கையடக்கம் என்ற வரத்தோடு இரைச்சலும் சேர்ந்தே வந்தது.

அதே 1963இல்தான் ரே டொல்பி இந்தியா வந்தார்.

டொல்பிக்கு அப்போது வயது 30. 1933 ஜனவரி 18 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில் பிறந்தவர். பள்ளியில் படிக்கும்போதே, 16 வயதில், கலிபோர்னியாவின் அம்பெக்ஸ் என்ற டேப் ரெக்கோடர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சார்ள்ஸ் கின்ஸ்பேர்க் தலைமையில் வீடியோ டேப் ரெக்கோடரை உருவாக்கிய சிறு குழுவில் இவரும் ஒருவர். 1956இல் அந்தக் கருவி வெளியானபோது இவர் இன்னும் பட்டம் பெற்றிருக்கவில்லை. 1957இல் ஸ்டான்ஃபோர்டில் பட்டம், பிறகு புலமைப்பரிசிலில் கேம்பிரிட்ஜ், 1961இல் பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம். ஆய்வு எக்ஸ் கதிர்கள் பற்றியது. இரைச்சலுக்குள் புதைந்திருக்கும் மெல்லிய சமிக்ஞையைப் பிரித்தெடுப்பது எந்த அளவீட்டு விஞ்ஞானிக்கும் அன்றாட வேலை. டேப்பும் தெரிந்து, அளவீடும் தெரிந்தவர்கள் அந்தக் காலத்தில் அதிகம் பேர் இல்லை.

1963இல் ஐக்கிய நாடுகள் சபையின் யுனெஸ்கோ ஆலோசகராக அவர் சண்டிகாருக்கு அனுப்பப்பட்டார். அங்கே மத்திய விஞ்ஞானக் கருவிகள் நிறுவனம் அப்போதுதான் கால் ஊன்றிக்கொண்டிருந்தது. 1959இல் டெல்லியில் தொடங்கி 1962இல் சண்டிகாருக்கு இடம் மாறியிருந்தது. அளவீட்டுக் கருவிகளை இந்தியாவே செய்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். இரண்டு ஆண்டுகள் டொல்பியின் வேலை அங்கே. வேலை நேரம் போக, இசை கேட்பதும் அதை டேப்பில் பதிவதும் அவருடைய பழக்கம். டேப் இரைச்சலை அடக்கும் வழி அவர் மனதில் உருப்பெற்றது இந்த இந்திய வாசத்தின்போதுதான்.

இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் இசையைப் பதிவு செய்து பார்த்தவர்களுக்கு இது புரியும். தம்புரா சுருதி மெல்லக் கேட்டுக்கொண்டே இருக்கும். வீணையில் ஒரு சுரத்தை மீட்டிவிட்டால் அது தேய்ந்து தேய்ந்து, கமகத்தோடு, கிட்டத்தட்ட மௌனத்துக்குள் இறங்கும். ஆலாபனையில் பாடகர் குரலைத் தணித்து நிற்கும் இடங்கள்தான் உயிரான இடங்கள். ‘உஸ்’ஸுக்கு ஒளிய இடமில்லாத இசை இது. ஓங்கி ஒலிக்கும் பாண்டு வாத்தியத்தில் கேட்காத இரைச்சல், இங்கே முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

டொல்பிக்கு முன்பும் இரைச்சலை அடக்க முயன்றவர்கள் இருந்தார்கள். அவர்களின் வழி, பாட்டு முழுவதையும் நெருக்கிப் பதிந்து, போடும்போது மறுபடி விரிப்பது. மெல்லிய இடம் உயர்த்தப்படும், ஓங்கிய இடம் தாழ்த்தப்படும். திரும்பப் போடும்போது எல்லாம் பழைய அளவுக்கு வரும், கூடவே இரைச்சலும் இறங்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டின் ஓங்கிய பகுதியிலும் கை வைப்பதால், அங்கே நேரும் சிறு பிழையும் பெரிதாகக் கேட்கும். பியானோவில் ஒரு கட்டையைத் தட்டினால், அந்த ஓசையோடு இரைச்சலும் ஏறி இறங்கும். ஒலிப்பதிவாளர்கள் இதை ‘மூச்சு வாங்குவது’ என்பார்கள். இரைச்சல் ஒரே சீராக இருந்தால் காது பழகிவிடும். ஏறி இறங்கினால் பழகாது.

டொல்பி செய்த மாற்றம், ஓங்கிய ஒலியைத் தொடாமல் விட்டது. கண்டிப் பெரஹராக் கூட்டத்தில் சின்னப் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வோம். கூட்டம் கடந்ததும் இறக்கிவிடுவோம். உயரமான ஆளை யாரும் தூக்குவதில்லை. அப்படித்தான் இதுவும். பாட்டு நேராக ஒரு பாதையில் மாற்றமின்றிப் போகும். பக்கத்துப் பாதை ஒன்று மெல்லிய ஒலிகளை மட்டும் பிரித்தெடுத்து, பதியும்போது பாட்டோடு கூட்டும். டேப்பில் இரைச்சல் சேர்வது அதற்குப் பிறகுதான். திரும்பப் போடும்போது, அதே பக்கத்துப் பாதை, கூட்டியதைக் கழிக்கும். பாட்டு தன் பழைய அளவுக்கு வரும். நடுவில் வந்து ஒட்டிய இரைச்சலோ கழித்தலில் அகப்பட்டு இறங்கிப்போகும். ஓங்கிய ஒலி வரும்போது பக்கத்துப் பாதை ஒதுங்கிக்கொள்ளும், ஏனென்றால் அப்போது பாட்டே இரைச்சலை மறைத்துவிடும்.

ஆனால் மறைப்பதிலும் ஒரு சிக்கல். மிருதங்கத்தின் தொப்பி கீழ்ச்சுருதியில் முழங்கினால், மேல்சுருதியில் இருக்கும் ‘உஸ்’ மறையாது. அருகில் உள்ள சுருதிகளைத்தான் ஓர் ஒலி மறைக்கும். அதனால் டொல்பி ஒலியை நான்கு பட்டிகளாகப் பிரித்தார்: 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒன்று, அங்கிருந்து 3,000 வரை ஒன்று, 3,000க்கு மேல் ஒன்று, 9,000க்கு மேல் இன்னொன்று. ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனியே பார்க்கும். கிடைத்த பலன் 10 டெசிபல். மிக மேல்சுருதிகளில் 15. பத்து டெசிபல் என்றால் இரைச்சலின் ஆற்றல் பத்தில் ஒன்றாகிவிட்டது என்று பொருள். காதுக்கு அது ஏறக்குறைய பாதியாகக் கேட்கும்.

1965இல் சண்டிகார் வேலை முடிந்து லண்டன் திரும்பியவர், நான்கு பேரோடு டொல்பி லபோரட்டரீஸைத் தொடங்கினார். முதல் கருவியின் பெயர் ஏ301. 1966இல் அதை முதலில் வாங்கியது டெக்கா இசைத்தட்டு நிறுவனம். மேற்கத்திய சாஸ்திரீய இசையை மிகத் தெளிவாகப் பதிவதில் பேர் எடுத்திருந்த நிறுவனம் அது. அவர்கள் ஏற்றுக்கொண்டதும் மற்ற ஸ்டூடியோக்கள் பின்னால் வந்தன. சினிமா ஒலியிலும் டொல்பி நுழைந்தது. இன்று கண்டித் தியேட்டரில் டொல்பி என்று பார்ப்பது அந்த வழியில் வந்தது. அது வேறொரு கதை.

நம் வீட்டுக்கு வந்த கதை, அமெரிக்கரான ஹென்றி க்ளோஸிடம் தொடங்குகிறது. ஸ்பீக்கர் செய்வதில் பெயர் பெற்ற அவர், இதை வீட்டுக் கருவிக்கும் செய்து தரக் கூடாதா என்று டொல்பியை நெருக்கினார். நான்கு பட்டிகளை வீட்டுக் கருவியில் வைத்தால் விலை தாங்காது. காதை உறுத்துவது மேல்சுருதி இரைச்சல்தானே, அதற்கு மட்டும் ஒரு பட்டி போதும் என்று சுருக்கியதுதான் 1968இல் வந்த டொல்பி பி. பெரிய டேப்புக்கு என்று தொடங்கியது, இரண்டொரு ஆண்டுகளில் கேசட்டுக்கு வந்து சேர்ந்தது. பேச்சுக் கருவியாகப் பிறந்த கேசட், இசைக் கருவியாக மதிக்கப்படத் தொடங்கியது அதற்குப் பிறகே. டொல்பி செய்த இன்னொரு புத்திசாலித்தனம் வியாபாரத்தில்: கருவி செய்யும் கம்பெனிகளிடம் உரிமைக் கட்டணம் வாங்கினார், பாட்டுக் கேசட் வெளியிடுகிறவர்களிடம் வாங்கவில்லை. அதனால் கேசட்டுகளில் அந்த இரட்டை ‘டி’ பரவலாக ஏறிக்கொண்டது.

சோனி வாக்மன் 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. முதல் வாக்மனில் டொல்பி கிடையாது. ஹெட்போனைக் காதோடு ஒட்டிக் கேட்கும்போது, அறையில் கேட்காத ‘உஸ்’ எல்லாம் நேரே காதுக்குள் வந்தது. சில ஆண்டுகளில் விலை கூடிய வாக்மன்களில் டொல்பி பி வந்தது, பிறகு 20 டெசிபல் அடக்கும் டொல்பி சியும் வந்தது.

இலங்கையில் 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதும், வளைகுடா வேலைக்கு ஆட்கள் போகத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே காலம். கேசட் நம் ஊர்களுக்குள் வெள்ளமாக வந்தது அப்போதுதான். பேராதனைக்கும் கம்பளைக்கும் இடைப்பட்ட கெலிஓயா போன்ற சிறு நகரங்களில்கூட, பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் பதிந்து தரும் ரெக்கோர்டிங் பார் காலம் அது. அங்கே நடந்ததைத் தெரிந்துகொண்டால் நம் கேசட்டுகளின் இரைச்சல் பாதி விளங்கிவிடும். ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று என்று பிரதி போகப் போக, ஒவ்வொரு பிரதியும் தன் ‘உஸ்’ஸைக் கூட்டியது. டொல்பியில் பதிந்த கேசட்டை டொல்பி இல்லாமல் போட்டால், தோளில் ஏற்றிய மெல்லொலி இறக்கப்படாமலே கேட்கும். பளிச்சென்று இருக்கும், இரைச்சலும் கூடவே இருக்கும். நாம் நல்லதென்று எண்ணியது அதைத்தான். டொல்பி இல்லாமல் பதிந்ததை டொல்பி போட்டுக் கேட்டால், இரைச்சலோடு பாட்டின் மேல்சுருதியும் போய் மந்தமாகும். இரண்டு முனையிலும் ஒன்றுபோல் இருந்தால்தான் கணக்குச் சரிவரும்.

டொல்பியின் வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான் என்று நினைக்கிறேன்: இரைச்சல் பாட்டோடு கலப்பதற்கு முன்னால் பாட்டைக் காப்பாற்றினார் அவர், கலந்த பிறகு பிரிக்கப் பார்க்கவில்லை. ஆகவே உங்கள் வாக்மனோ எம்பி3 பிளேயரோ இரைந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இரைச்சல் எந்த இடத்தில் உள்ளே வருகிறது என்பது.

வாக்மனில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, கேசட் இல்லாமல் பிளேயை அழுத்துவது. அப்போது கேட்பது கருவியின் சொந்த இரைச்சல். கேசட் போட்டதும் கூடுவது டேப்பின் இரைச்சல். கேசட் இல்லாமலே ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்டால், அடாப்டரைக் கழற்றிவிட்டு பற்றரியில் போட்டுப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். தரமில்லாத அடாப்டர் அதை 50, 100 ஹேர்ட்ஸ் முனகலாக உள்ளே விட்டுவிடும். வயரை அசைக்கும்போது கரகரத்தால் ஹெட்போன் குத்தும் இடம் அல்லது வயர். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்போது மட்டும் கரகரத்தால் வொலியும் கட்டுப்பாடு. எல்லாக் கேசட்டும் மங்கலாகவும் இரைச்சலாகவும் இருந்தால், ஹெட் அழுக்கு. பஞ்சில் ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்டு மெல்லத் துடைத்தால் பழுப்புக் கறை வந்துவிடும். நெடுநாள் ஓடிய ஹெட்டில் காந்தம் ஏறியும் இருக்கலாம்; அது இரைச்சலைக் கூட்டுவதோடு போடப்போட கேசட்டின் மேல்சுருதியையும் அழிக்கும். காந்தம் ஏறிய திருப்புளியை ஹெட்டுக்குக் கிட்டக் கொண்டுபோகவே கூடாது.

கண்டிப் பக்கத்து ஈரலிப்பில் இன்னொரு பகையும் உண்டு, பூஞ்சணம். கேசட்டின் கண்ணாடிச் சன்னலில் பார்த்தால் டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகத் தெரியும். அதை அப்படியே போட்டால் ஹெட் கெடும், ஹெட்டிலிருந்து அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். முதலில் சுத்தம், பிறகுதான் பாட்டு.

எம்பி3 பிளேயரிலும் போனிலும் டேப் இல்லை, இரைச்சல் இருக்கிறது. சத்தத்தை முழுக்கக் குறைத்தாலும் அதே அளவில் ‘உஸ்’ இருந்தால், அது கருவியின் ஹெட்போன் அம்ப்ளிஃபையரிலிருந்து வருவது. காதுக்குள் செருகும் உணர்திறன் கூடிய இயர்போனில் அது நன்றாகவே கேட்கும், வேறு இயர்போனில் மறையக்கூடும். வானில் அல்லது காரில் சார்ஜரையும் போட்டு, ஓக்ஸ் வயரையும் செருகியிருக்கும்போது எஞ்சினோடு ஏறி இறங்கும் ஓலம் கேட்டால், சார்ஜரைக் கழற்றுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். இரண்டு வயர்களும் சேர்ந்து எர்த்தில் ஒரு வளையம் கட்டிவிடுவதால் வருவது அது. அழைப்பு வருமுன் ‘டிட் டிட் டிட்’ என்று பழைய ஸ்பீக்கர்களில் கேட்டது, 2ஜி போன் செக்கனுக்கு 217 தடவை விட்டு விட்டுச் சமிக்ஞை அனுப்புவதால். போனைத் தள்ளி வைப்பதுதான் மருந்து.

ஃபைலுக்குள்ளேயே இரைச்சல் இருந்தால்தான் கஷ்டம். கணினியில் இரைச்சலைக் கழிக்கும் மென்பொருள்கள் நல்லவை வந்துவிட்டன. ஆனால் ‘ஸ’வும் ‘ச’வும் நாக்கில் உரசும் ஓசையும், பாடகர் மூச்செடுக்கும் ஓசையும் ‘உஸ்’ இருக்கும் அதே சுருதிப் பகுதியில்தான் இருக்கின்றன. இரைச்சலை முழுக்கத் துடைத்தால் அவையும் போய், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

கெலிஓயாவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பல வீடுகளில் இன்னும் கேசட்டுகள் இருக்கின்றன. வளைகுடாவிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியவை, கலியாண வீட்டில் பதிந்தவை, இன்று இல்லாத வாப்பாவினதும் அம்மாவினதும் குரல்கள். அவற்றை இந்த ஆண்டே கணினிக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: டொல்பியில் பதிந்தது என்று தெரிந்தால், டொல்பி உள்ள பழைய டெக்கிலேயே போட்டு மாற்றுங்கள். டொல்பி சிப்புகள் இப்போது கேசட் கருவிகளுக்கு வருவதில்லை. இன்று புதிதாக விற்கும் வாக்மன்களில் அந்தச் சுவிட்சே கிடையாது. எப்படிப் பதிந்தது என்று தெரியாவிட்டால் சுவிட்சை மூடியே வைத்து மாற்றுங்கள், மேல்சுருதி எதுவும் இழப்பாகாது. எம்பி3 ஆக்காமல் சுருக்காத ஃபைலாக வையுங்கள். இரைச்சலை நீக்கிய பிரதி ஒன்று வேண்டுமானால் தனியே செய்துகொள்ளுங்கள். இரைச்சலோடு கூடிய முதல் பிரதியை மட்டும் அழித்துவிடாதீர்கள்.